முயல் படம் போட்ட துண்டு

“டம்ளரை எடுக்காதீங்க பெரீம்மா. அப்படியே இருக்கட்டும்.”

கார் ஷோரூமில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு அந்தம்மா என்கிட்டப் பேசின முதல் பேச்சு இதுதான். வந்தவங்களுக்கு டீ கொடுக்கிறதும், குடிச்சு வச்ச டம்ளரை எடுத்துக் கழுவுறதும் என் வேலை. தட்டத்தோட மேசைகிட்டப் போனவளை அவங்க கையைக் காட்டி நிறுத்திப்போட்டாங்க. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சேன்.

தப்பெல்லாம் ஒண்ணுமில்லை. அடியில் கொஞ்சம் டீயோட ரெண்டு மூணு டம்ளர் மேசைமேல் கிடந்தா, அடுத்து உள்ளே வர்றவங்க, இப்பத்தான் யாரோ எழுந்திரிச்சுப் போயிருக்காங்கன்னு நினைப்பாங்களாம். யாருமே வராத நாளில் நானே டீ போட்டு, பாதியை ஊத்திட்டு, மீதியை மேசையில் வைக்கணும். “ஈ மொய்க்குமே அம்மணி”ன்னு கேட்டதுக்கு, மேசை ஃபேனை டம்ளர் பக்கம் திருப்பி வச்சாங்க.

“காலியா கெடக்கிற கடைக்குள்ள நீங்க போவீங்களா பெரீம்மா? நான் போக மாட்டேன். ஏன் காலியா இருக்குதுன்னுதான் மொதல்ல தோணும்.”

அவிநாசி ரோட்டுமேல் இருந்த பெரிய கண்ணாடிக் கட்டடம் அது. விற்பனை முழுக்க அந்தம்மா பொறுப்பு. கூட வேலை பார்க்கிறவங்க எல்லாரும் மேடம்னு கூப்பிடுவாங்க. எனக்கு அந்தச் சொல் வாயில் வராது. என் மகளைவிடச் சின்னவங்க. அதனால் அம்மணீன்னு கூப்பிட்டுப் பழகிட்டேன். அவங்களும் ஒண்ணும் சொல்லலை.

காலி இடத்தைக் கண்டா அந்தம்மாவுக்கு ஆகாது. வேலைக்காரங்க வண்டியை எல்லாம் பின்னாடி நிறுத்த இடம் இருந்தும், முன்வாசலில்தான் நிறுத்தணும். ஆயுத பூஜை வந்தப்ப, எங்க எல்லார் வீட்டுலயிருந்தும் பழைய செருப்பு ஒரு ஜோடி கொண்டாரச் சொன்னாங்க. வாசலில் செருப்புக் கெடந்தாத்தான் உள்ளே சனம் இருக்குதுன்னு ரோட்டுல போறவங்களுக்குத் தெரியுமாம். எங்க மெக்கானிக் தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம். “மேடம், செருப்பு வந்துருச்சுங்க. காலு எப்பங்க வரும்?”ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். அந்தம்மாவும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டே ஒரு செருப்பைக் காலால் தள்ளி, அவசரத்துல கழட்டிப் போட்ட மாதிரி கோணலா ஆக்கி வச்சாங்க.

மத்தியானம் சாப்பிடும்போது ஒண்ணு பார்த்தேன். எதிர்ல யாரும் இல்லைன்னா, எதிர் நாற்காலியில் கைப்பையைத் தூக்கி வச்சுட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாங்க. அதைப் பார்த்த அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி ஆகிப்போச்சு. அங்கே யாரை ஏமாத்தணும்?

ஒரு நாள் வெளியில் மழை. கடைக்கு ஒருத்தரும் வரலை. நான் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு அந்தம்மா வந்து, பக்கத்தில் நின்னு டம்ளரைத் துடைச்சுக் கொடுத்துட்டே அவங்களா சொன்னாங்க. அவங்க விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. வீட்டுக்காரர் வேற சாதி. வடநாட்டுக்கு லாரி ஓட்டறவரு. ரெண்டு பக்கத்துச் சொந்தமும் அன்னியோட அத்துப்போச்சு. மகள் பிறந்து, அவளுக்குக் காது குத்தற வயசு வந்ததும், இதைச் சாக்கா வச்சாவது எல்லாரும் வந்துருவாங்கன்னு நினைச்சு ஒரு மண்டபம் பிடிச்சிருக்காங்க. அண்ணனுக்குப் போன் பண்ணிருக்காங்க.

“‘பாக்கலாம்’னு சொன்னாரு பெரீம்மா. எங்கண்ணன் பாக்கலாம்னா வர்றேன்னு அர்த்தம். சின்ன வயசுல அப்படித்தான். நானும் அப்படியே நினைச்சுப்போட்டேன்.”

தாய்மாமன் மடியில் உக்கார வச்சுத்தானே குழந்தைக்குக் காது குத்துவோம். மாமனுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு, வேற யாரும் உக்காந்துறக் கூடாதுன்னு குழந்தையோட துண்டை எடுத்து அதுமேல் போட்டு வச்சிருக்காங்க. முயல் படம் போட்ட சின்னத் துண்டு.

“ஆசாரி வந்து, மாமன் எங்கங்க அம்மணீன்னு கேட்டாரு. வந்துட்டே இருக்காருங்கன்னேன். மறுக்காவும் கேட்டாரு. வந்துட்டே இருக்காருங்கன்னேன். அப்பறம் அவரு கேக்கலை. நேரம் போயிரும்னு, அந்தத் துண்டு போட்ட நாற்காலி மேலயே பாப்பாவை உக்கார வச்சுக் குத்திட்டாங்க. அவ அழுகவே இல்லை பெரீம்மா. மண்டபம் முழுக்க நாற்காலி காலியாக் கெடந்துதா, அதையே பார்த்துட்டு இருந்தா.”

சொல்லிட்டு, துடைச்ச டம்ளரையே மறுபடியும் துடைச்சாங்க. நான் டம்ளரை வாங்கிக் கவுத்து வச்சேன்.

அதுக்கப்புறம்தான் கரண்டுல ஓடுற புதுக் காரு வரப்போகுதுன்னு பேச்சு வந்தது. எல்லா ஊர்லயும் ஒரே நாளில் அறிமுகம். வண்டி வர்றதுக்கு முந்தியே சனங்க கடைக்கு நேரில் வந்து முன்பதிவு பண்ணணும், போனில் சொன்னா செல்லாதுன்னு கம்பெனியில் சொல்லிட்டாங்களாம். முதலாளி கோபமே வராத மனுசர். மெதுவாத்தான் பேசுவார். அந்த மெதுவான பேச்சுக்குத்தான் எல்லாரும் பயப்படுவோம். நான் டீயோட நின்னுட்டு இருக்கையிலேயே அந்தம்மாகிட்டச் சொன்னார்.

“அறிமுகத்தன்னிக்குக் கூடம் நெறையணும் அம்மணி. கம்பெனிக்காரங்க வர்றாங்க. நெறைஞ்சுதுன்னா எல்லாருக்கும் நல்லது. நெறையலீன்னா, நம்ம கருமத்தம்பட்டி யார்டுக்கு ஒரு ஆளு வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க.”

கருமத்தம்பட்டி யார்டுன்னா பழைய காரெல்லாம் கொண்டுபோய் நிறுத்துற இடம். தகரக் கொட்டாய். ஆள் நடமாட்டமே இருக்காது. சம்பளமும் குறைச்சல். சாயங்காலம் மகள் ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு அங்கிருந்து வீடு வந்து சேர முடியாது. அங்கே அனுப்பினவங்க தாங்களாவே வேலையை விட்டுட்டுப் போயிருவாங்க. அதுக்குத்தான் அந்த இடம்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

முன்பதிவு தொடங்கியாச்சு. ஒருத்தரும் வரலை. பார்க்கிறதுக்கு வண்டியே இல்லாத கடைக்கு யாரு வருவாங்க? கூடத்துக்கு நடுவுல வெறும் மேடை. அதைச் சுத்தி வாடகை நாற்காலி. அந்தம்மா அதையே பார்த்துட்டு நிப்பாங்க. சாப்பாட்டு டப்பா திறக்காமயே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

ஒரு நாள் காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறி வந்த அந்தம்மா, முகமெல்லாம் மலர்ச்சியா உள்ளே வந்தாங்க.

“பெரீம்மா, பஸ்ஸு வந்து நிக்கலை, அதுக்குள்ள ஒருத்தரு ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டாருங்க. அவ்வளவுதான். பின்னாடியே எல்லாருக்கும் கை பரபரன்னு ஆகிப்போச்சு. துண்டு, பை, கொடை, குழந்தை, எல்லாம் உள்ள போகுது!”

அன்னியிலிருந்து முன்பதிவுக்கு அவங்க வச்ச பேரே ‘துண்டு போடுங்க’தான். கடைக்கு வரணும். உங்க வீட்டுத் துண்டையே கொண்டு வந்து, பிடிச்ச நாற்காலியில் உங்க கையாலயே போடணும். அறிமுகத்தன்னிக்கு அந்த நாற்காலி உங்களுது. வண்டியும் அந்த வரிசைப்படிதான் கிடைக்கும்.

ஆனா காலி நாற்காலிக்கு நடுவுல முதல் துண்டைப் போட யாருக்கும் மனசு வராதுன்னு அவங்களுக்கே தெரியும். அதனால் அவங்க வீட்டுலயிருந்து ஒரு மூட்டைத் துண்டு கொண்டு வந்தாங்க. என்னைத் துவைச்சு மடிச்சுத் தரச் சொன்னாங்க. முன்வரிசை முழுக்க அவங்களே போட்டாங்க. எல்லாத்துலயும் ஒரே சோப்பு வாசம். “நெசமான ஆளு வர வர நான் ஒவ்வொண்ணா எடுத்துருவேன் பெரீம்மா”ன்னாங்க. வரிசையோட நடுவுல, வேற துண்டு பத்தாம, முயல் படம் போட்ட சின்னத் துண்டு. பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்க என் முகத்தைப் பார்க்கலை.

அவங்க சொன்ன மாதிரியே சனம் வந்தது. கருமத்தம்பட்டித் தறிக்காரர் ஒருத்தர் கரை போட்ட துண்டை உதறி விரிச்சு, “இது என்ற தறியிலயே ஓட்டுனதுங்க அம்மணி. இதுக்குப் பக்கத்துல கடைத்துண்டு எதையும் போட்றாதீங்க, கோவிச்சுக்கும்”னார். ஆனைமலைப் பக்கமிருந்து வந்த தோப்புக்காரர், தோளில் கிடந்த அழுக்குத் துண்டையே எடுத்துப் போட்டுட்டு வெறுந்தோளோட போனார். ஒரு வாத்தியாரம்மா, “துண்டு இல்லீங்க, கைக்குட்டை போட்டா அரை வண்டி தருவீங்களா?”ன்னு கேட்டாங்க. மத்தியான நேரத்துல துண்டைப் பார்க்கவே சனம் வந்து நின்னாங்க. நான் டீ ஊத்தி மாளலை. டம்ளரில் பாதி டீ வைக்கிற வேலையே இல்லாமப் போச்சு.

இப்பவாவது முன்வரிசைத் துண்டை எடுத்துருவாங்கன்னு நான் காத்துட்டே இருந்தேன். எடுக்கப் போன அன்னிக்குத்தான் முதலாளி உள்ளே வந்தார். கூடத்தைப் பார்த்தார். போனை எடுத்து நாலு பக்கமும் நின்னு போட்டோ பிடிச்சார். அங்கேயே கம்பெனிக்கு அனுப்பியும் போட்டார்.

“அம்மணி, அந்த முயல் துண்டு யாருது?”

“அது... ஒரு டாக்டர் குடும்பங்க சார். பாப்பா ஆசைப்பட்டுப் போட்டதுங்க.”

“பலே. டாக்டருங்களா? அவரை வச்சே சாவி வாங்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்துரலாம். கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லிர்றேன்.”

அவர் போனதும் அந்தம்மா சமையல்கட்டுக்கு வந்து தண்ணி கேட்டாங்க. கொடுத்ததுல பாதித் தண்ணி சேலைமேல் கொட்டிப்போச்சு. போட்டோவில் இருக்கிற துண்டை இனி எடுக்க முடியாது. அதில் உக்கார ஆளும் கிடையாது. உண்மையைச் சொல்லிரலாமே அம்மணீன்னு என் வாய் வரைக்கும் வந்தது. அவங்க அதுக்குள்ள போனை எடுத்துத் தெரிஞ்சவங்களை எல்லாம் கூப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க. “ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்க, போதும்”னு கெஞ்சினாங்க. பழைய சினேகிதிங்க, வீட்டுக்காரரோட லாரி ஆபீஸ்காரங்க, மெக்கானிக் தம்பியோட மச்சாண்டான்னு எல்லாரும் வர்றோம்னு சொல்லிட்டாங்க.

தேதியும் அந்தம்மா குறிச்சுக் கொடுத்ததுதான். எந்த வாரம்னுதான் கம்பெனி சொல்லியிருந்தது. மத்த ஊர்க்காரங்களும் ஒத்துக்கிட்டாங்களாம். அந்த வாரத்துல இருந்த நல்ல வளர்பிறை முகூர்த்தமாப் பார்த்து எடுத்தாங்க. புது வண்டி வாங்கறவங்க நாள் பார்க்காம வர மாட்டாங்களே.

அன்னிக்குக் காலையில் வாசலில் வாழைமரம், தோரணம். மேடைமேல் பச்சைப் பட்டுத்துணி போத்தின காரு. ராத்திரி வந்து இறங்கினதாம். சத்தமே கேக்கலைன்னு வாட்ச்மேன் சொன்னார். அந்தம்மா மாம்பழக் கலர் பட்டுச் சேலையில் வாசலுக்கும் கூடத்துக்குமா நடந்துட்டே இருந்தாங்க.

துண்டு போட்டவங்க எல்லாரும் வந்துட்டாங்க. கல்யாணத்துக்குப் போன பட்டுச் சேலையும் வேட்டியுமா, கையில் தாம்பூலப் பையோட, முகூர்த்தம் முடிஞ்ச கையோட ஓடி வந்திருந்தாங்க. துண்டு போடாத சனமும் வந்து சுவரோரமா நின்னுக்கிச்சு. பின்வரிசையெல்லாம் நெறைஞ்சு வழியுது. முன்வரிசை மட்டும் துண்டும் காத்துமாக் கெடக்குது.

வர்றோம்னு சொன்னவங்க ஒருத்தரையும் காணோம். முகூர்த்த நாளாச்சே. ஊர் முழுக்கக் கல்யாணம். கார் வாங்கறவங்களுக்கு அவசரம், தாலி கட்டினதும் கிளம்பிட்டாங்க. சும்மா உக்கார வர்றவங்களுக்கு என்ன அவசரம்? அவிநாசியில் பந்தியில் உக்காந்துட்டோம், சாப்பிட்டதும் கிளம்பறோம்னு மெக்கானிக் தம்பியோட மச்சாண்டான் போனில் சொன்னது எனக்கே கேட்டது.

அந்தம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. காலி நாற்காலியைப் பார்த்தாங்க. என்னை அதில் உக்கார வைக்க நினைச்சாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்களே தலையை ஆட்டிட்டாங்க.

“வேண்டாம் பெரீம்மா. இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் உங்க கையில டீ வாங்கிக் குடிச்சவங்க.”

அப்ப கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். இரும்புக் கடைக்காரர். துண்டு போட்டவரில்லை, வண்டியைப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு வந்தவர். கூட அவங்கம்மா. என்னைவிட வயசானவங்க, முழங்காலைப் பிடிச்சுட்டுச் சுவரில் சாஞ்சு நின்னாங்க. ரெண்டாம் வரிசையில் இருந்த ஆனைமலைத் தோப்புக்காரர் எழுந்திரிச்சார்.

“ஏனுங்கம்மா, இங்க வந்து உக்காருங்க.”

“நீங்க இருங்கய்யா. துண்டு போட்டு வச்ச இடம் உங்களுது.”

“அப்ப முன்னாடி இத்தனை கெடக்குதே?”

“அதும் யாரோ துண்டு போட்டது தானுங்களே. ஆளு வந்தா எந்திரிக்கச் சொல்லுவாங்க.”

ஆனைமலைக்காரர் அந்தம்மாவைப் பார்த்துச் சத்தமாவே கேட்டார்: “என்ன அம்மணி, முன்வரிசை எல்லாம் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுங்களா? வெத்தலை பாக்கு வச்சு மறுக்காவும் கூப்படணுமுங்களா?”

கூடமே சிரிச்சது. கம்பெனிக்காரங்களும் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தரும் அந்தத் துண்டை நகர்த்திட்டு உக்காரலை. நம்ம பக்கம் அது பழக்கமில்லை. முதலாளி சிரிச்ச முகத்தோட அந்தம்மாகிட்ட வந்தார்.

“டாக்டர் எங்கங்க அம்மணி? நேரம் போகுது.”

“வந்துட்டே இருக்காருங்க சார்.”

ஆசாரிகிட்டச் சொன்ன அதே பேச்சு மாதிரி எனக்குக் கேட்டது.

“கெளம்பிட்டாரா?”

“வந்துட்டே இருக்காருங்க...”

ரெண்டாவது தடவை சொல்லும்போது அவங்க குரல் பாதியில் நின்னது. அவங்களுக்கும் கேட்டிருக்கும். முயல் துண்டைப் பார்த்தாங்க. அப்புறம் சுவரோரம் நின்ன பாயோட அம்மாவைப் பார்த்தாங்க. நேரா முன்வரிசைக்குப் போய், அந்தத் துண்டை எடுத்துத் தோள்மேல் போட்டுட்டாங்க.

“அம்மா, வாங்க. இங்க வந்து உக்காருங்க.”

“ஆளு வருவாங்களேம்மா.”

“இல்லைங்கம்மா. இதுக்கு யாரும் வர மாட்டாங்க.”

சொல்லிட்டு அடுத்த துண்டையும் எடுத்தாங்க. அதுக்கடுத்ததும். வரிசையோட கடைசி வரைக்கும் போனாங்க. கையில் கொடியிலிருந்து உருவின துணி மாதிரி ஒரு பாரம். நின்ன சனமெல்லாம் வந்து உக்கார, ஒரு நிமிசத்துல முன்வரிசை நெறைஞ்சுபோச்சு. முதலாளியோட சிரிச்ச முகம் மாறவே இல்லை. துண்டு ஒவ்வொண்ணா அவங்க கையில் ஏறறதை மட்டும் பார்த்துட்டே இருந்தார்.

பச்சைத் துணியை விலக்கினப்ப எல்லாரும் கை தட்டினாங்க. காரு என்ன கலருன்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியாது. நான் அவங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அவங்க கூடத்தைப் பார்த்துட்டு இருந்தாங்க. ஒரு நாற்காலி காலி இல்லை. அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. கருமத்தம்பட்டி நினைப்பே அதில் இல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

பாய் அன்னிக்கே முன்பதிவு பண்ணிட்டுப் போனார். இருந்தும் போட்டோவில் இருந்த துண்டோட கணக்கும் வண்டி கேட்டவங்க கணக்கும் ஒத்துப்போகலைன்னு கம்பெனியில் கேட்டிருக்காங்க. முதலாளி அப்பவும் கோபப்படலை. “கொஞ்ச நாளைக்குக் கருமத்தம்பட்டியைப் பார்த்துக்குங்க அம்மணி”ன்னார், மெதுவா. அந்தம்மா துண்டு மூட்டையை எடுத்துட்டு, என்கிட்ட வர்றேன் பெரீம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க.

கொஞ்ச மாசம் கழிச்சு, அவிநாசி கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போது, பஸ் ஜன்னல் வழியா அந்தத் தகரக் கொட்டாயைப் பார்த்தேன். இறங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள ஸ்டாப்பிங் வந்துருச்சு. சொல்லாமக் கொள்ளாமப் போய் நிக்க எனக்குக் கூச்சம். ஆனாலும் இறங்கிட்டேன்.

பழைய காருங்க தூசியோட வரிசையா நின்னுட்டு இருந்தது. வாசலில் மூணு ஜோடிச் செருப்பு. உள்ளே அந்தம்மா மட்டும். மேசைமேல் ரெண்டு டம்ளர், ரெண்டிலும் பாதி டீ. எதிர் நாற்காலியில் முயல் துண்டு. இளைச்சுப்போயிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் சடார்னு எழுந்திரிச்சாங்க.

“பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா யாரு பார்த்துக்கறாங்க அம்மணி?”

“பக்கத்து ஊட்டு அக்கா பார்த்துக்குதுங்க. பழகிட்டா. நீங்க மொதல்ல உக்காருங்க பெரீம்மா.” நாற்காலியில் இருந்த துண்டை எடுத்தாங்க. “உங்களுக்காகத்தான் போட்டு வச்சிருந்தேன்.”

நான் வருவேன்னு எனக்கே தெரியாது. இருந்தாலும் அந்த நாற்காலியில் உக்காந்தேன். அவங்க முன்னாடி நான் உக்காந்தது அதுதான் முதல் தடவை. அவங்களே டீ போட்டுக் கொண்டு வந்தாங்க. குடிச்சு முடிச்சுட்டு, பழக்க தோசத்துல டம்ளரைக் கழுவ எடுத்தேன்.

“இருக்கட்டும் பெரீம்மா.”

வச்சுட்டேன்.

பஸ் ஏறினதும் ஜன்னல் வழியாத் திரும்பிப் பார்த்தேன். நான் உக்காந்திருந்த நாற்காலிமேல் அவங்க அந்தத் துண்டை மறுபடியும் விரிச்சு, நாலு மூலையும் இழுத்துச் சரி பண்ணிட்டு இருந்தாங்க.